குறையுணவும் முடியுதிர்வும்: தாமிரபரணிக் கரைச் சோற்றுணவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

எடையைக் குறைப்பதற்காக உணவைக் குறைப்போரில் ஒரு பகுதியினருக்கு, எடை இறங்கத் தொடங்கிய இரண்டு மூன்று மாதங்களில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. சீப்பிலும் தலையணையிலும் குளியலறைச் சல்லடையிலும் அதைக் கண்டவர் எண்ணெயை மாற்றுகிறார், ஷாம்புவை மாற்றுகிறார், தண்ணீரைப் பழிக்கிறார். உணவை நினைப்பவர் குறைவு. இவ்வுதிர்வின் இயல்பு, காரணம், படிநிலை, நீக்கம் ஆகிய நான்கையும் முறையே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களமாக அம்பாசமுத்திரத்தையும் அதைச் சூழ்ந்த தாமிரபரணிப் பள்ளத்தாக்கையும் கொள்கிறோம். காரும் பிசானமுமாக இருபோகம் நெல் விளையும் மண் இது. 1937இல் தொடங்கப்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட குட்டைப் பருமன் அரிசி ‘அம்பை 16’ என்றே ஊர்ப்பெயரால் வழங்குகிறது. காலை இட்லி, மத்தியானம் சோறு, இரவு தோசை என மூன்று வேளையும் அரிசியையே அச்சாகக் கொண்ட உணவில் ‘டயட்’ என்பது நடைமுறையில் ‘சோற்றைக் குறைத்தல்’ என்றே பொருள்படும். சோற்றைக் குறைக்கையில் சோறு மட்டும்தான் குறைகிறதா என்பதே நம் மையக் கேள்வி.

பரம்பரை வழுக்கை, புழுவெட்டு, தழும்பு விழுந்து மயிர்க்கால் அழியும் நோய்கள், புற்றுநோய் மருந்தால் வரும் உதிர்வு ஆகியவை நம் எல்லைக்குப் புறம்பானவை. பிரித்தறிவதற்கு வேண்டிய அளவில் மட்டும் அவற்றைப் பின்னர் தொடுவோம்.

2. வரையறைகள்

கலோரி என இங்கே குறிப்பது, உணவுப் பொட்டலங்களிலும் மக்கள் வழக்கிலும் உள்ள கிலோகலோரியையே.

குறையுணவு: ஒருவர் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலைவிடக் குறைந்த ஆற்றல் தரும் உணவைத் தொடர்ந்து உண்ணுதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, உடலுழைப்புக் குறைந்த 55 கிலோ எடைப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1660 கலோரியும், 65 கிலோ எடை ஆணுக்கு 2110 கலோரியும் தேவை. அவரவர் தேவைக்குக் கீழே இறங்கும் எந்த உணவும் குறையுணவே.

மீக்குறையுணவு: நாளொன்றுக்கு 800 கலோரிக்கும் குறைந்த உணவு. மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே மேற்கொள்ளத்தக்கது.

புரத நிறைவு: உடலின் தேய்மானத்தை ஈடுசெய்யப் போதிய புரதம் உணவில் இருத்தல். மேற்சொன்ன அளவின்படி எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். ஆற்றல் தேவை நிறைவுறும்போதுதான் இந்த அளவு போதும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உறங்குநிலை உதிர்வு: வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்கள் பெருந்தொகையாக, உரிய காலத்துக்கு முன்பே, ஓய்வுக்குச் சென்று அதன் விளைவாகப் பரவலாக முடி கொட்டுதல். மருத்துவர் இதனை டெலோஜன் எஃப்லூவியம் என்பர். 1961இல் இப்பெயரை வழங்கி இதனைத் தனி நிலையாக நிறுவியவர் அமெரிக்கத் தோல்நோய் அறிஞர் ஆல்பர்ட் கிளிக்மன்.

காலத்தாழ்வு: காரணம் நிகழ்ந்த நாளுக்கும் முடி விழுந்த நாளுக்கும் இடையிலுள்ள இடைவெளி. குறையுணவு உதிர்வில் இது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மாதங்கள்.

3. முடி வளரும் ஒழுங்கு

தலையில் உள்ள மயிர்க்கால்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். அவை ஒன்றையொன்று சாராமல், தத்தம் கணக்கில், நான்கு நிலைகளைக் கடந்து சுழல்கின்றன.

முதலாவது வளர்நிலை. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் நீடிக்கும். மயிர்க்குமிழில் உள்ள உயிரணுக்கள் உடலிலேயே மிக விரைவாகப் பகுபடும் உயிரணுக்களைச் சேர்ந்தவை. முடி நாளொன்றுக்கு 0.35 மில்லிமீட்டர், மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீள்கிறது. எந்த நாளில் எண்ணினாலும் பத்தில் ஒன்பது முடி இந்நிலையில் இருக்கும். இரண்டாவது மாறுநிலை. இரண்டு மூன்று வாரங்களில் குமிழ் சுருங்கி, இரத்த ஓட்டத்தினின்றும் விலகும். மூன்றாவது உறங்குநிலை. ஏறத்தாழ மூன்று மாதங்கள் முடி வளராமல், விழாமல், தன் குழியிலேயே நிற்கும். நான்காவது உதிர்நிலை. கீழே புதுமுடி முளைவிட, பழைய முடி கழன்று விழும்.

இவ்வொழுங்கிலிருந்து ஓர் எளிய கணக்கு பிறக்கிறது. ஒரு லட்சம் முடியில் பத்து விழுக்காடு, அதாவது பத்தாயிரம், உறங்குநிலையில் உள்ளது. அது ஏறத்தாழ நூறு நாளில் விழுகிறது. எனவே நாளொன்றுக்கு நூறு முடி விழுவது இயல்பு. உறங்குநிலையின் பங்கு முப்பது விழுக்காடாக உயர்ந்தால் அதே கணக்கில் நாளொன்றுக்கு முந்நூறு விழும். சீப்பில் கொத்தாக வருவது இந்த முந்நூறுதான். மயிர்க்கால் எதுவும் இங்கே அழியவில்லை; பல மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வெடுத்துள்ளன, அவ்வளவே. இவ்வுதிர்வு மீளக்கூடியது என்ற துணிபுக்கு அடிப்படை இதுவே.

1993இல் ஜான் ஹெடிங்டன் இவ்வகை உதிர்வை ஐந்தாகப் பகுத்தார். அவற்றுள் நமக்கு வேண்டியது ‘உடன் வளர்நிலை நீங்கல்’. உடலுக்கு நேர்ந்த நெருக்கடியால் மயிர்க்கால் வளர்நிலையை உடனே கைவிடுகிறது. ஆனால் முடி விழுவது உறங்குநிலைக் காலம் முடிந்த பிறகே. ‘உடன்’ என்ற அடை நீங்குதலுக்கு உரியது, வீழ்தலுக்கு உரியதன்று.

4. காரணங்கள்

4.1 பொதுக்காரணம்: முன்னுரிமை

முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். ஆகவே புரதம் குறைந்தால் முடிக்குக் கச்சாப்பொருள் இல்லாமல் போகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுவர். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. ஒரு லட்சம் முடியும் நாளுக்கு 0.35 மில்லிமீட்டர் வளர்ந்தால் மொத்த நீளம் 35 மீட்டர். சராசரிப் பருமனுள்ள முடி மீட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் எடையுடையது. ஒரு நாளில் தலை முழுவதும் விளையும் முடியின் எடை இவ்வாறு கால் கிராமைக்கூட எட்டுவதில்லை. எவ்வளவு மெலிந்த உணவும் இந்தக் கால் கிராமைத் தரும்.

எனவே உதிர்வின் காரணம் பொருள் தட்டுப்பாடு அன்று. உடல் எடுக்கும் முடிவு. வரவு குறைந்ததை உணர்ந்த உடல், உயிர்காக்கும் உறுப்புகளுக்கு முதலிடம் தந்து, இன்றியமையாதவை அல்லாத வளர்ச்சிப் பணிகளை நிறுத்துகிறது. இன்சுலின் ஒத்த வளர்ச்சிக் காரணி என்னும் சுரப்புப் பொருள் வளர்நிலையை நீட்டித்து வைப்பது. குறையுணவில் அது இறங்குகிறது. செயல்நிலைத் தைராய்டுச் சுரப்பும் லெப்டினும் உடன் இறங்குகின்றன. மயிர்க்கால் இந்த இறக்கத்தை ஒரு கட்டளையாகக் கொண்டு ஓய்வுக்குச் செல்கிறது.

4.2 சிறப்புக் காரணங்கள்

இக்கட்டளையை எழுப்பும் காரணங்கள் நான்கு.

(அ) ஆற்றல் குறை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944–45இல் 36 ஆடவரைக் கொண்டு நடத்திய பட்டினி ஆய்வு இதற்கு முதற்சான்று. 24 வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி உணவில் இருந்தோர் தம் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். முடி மெலிந்து உதிர்ந்ததும் அவர்களிடம் காணப்பட்ட மாற்றங்களுள் ஒன்று. 1570 கலோரி இன்றைய டயட் அட்டைகள் பலவற்றைவிடத் தாராளமானது என்பது கருதத்தக்கது. உண்ணும் நேரத்தைச் சுருக்குவதும் முடியைத் தொடக்கூடும் எனச் ‘செல்’ ஆய்விதழில் வெளிவந்த சீன ஆய்வு ஒன்று காட்டியது. நலமுள்ள 49 இளையோரை உட்படுத்திய அச்சோதனையில், நாளுக்கு 18 மணிநேரம் உண்ணாதிருந்தோரின் முடி வளரும் வேகம் பத்தே நாளில் 18 விழுக்காடு குறைந்தது. வேகம் குறைவது வேறு, முடி கொட்டுவது வேறு. திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பதையும் மூன்று மாதக் கடும் டயட்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது.

(ஆ) புரதக் குறை. 1960களின் இறுதியில் ராபர்ட் பிராட்ஃபீல்டும் அவர் துணைவரும், புரதம் நீக்கிய உணவு உண்டோரின் முடி வேர்களைப் பிடுங்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். இரத்தத்தில் புரத அளவு மாறுமுன்னரே வேரின் குமிழ் மெலிந்திருந்தது. உடலின் புரத வரவைப் பிற சோதனைகளுக்கு முந்தி அறிவிப்பது மயிர்க்கால் என்பது இதன் பொருள்.

(இ) நுண்சத்துக் குறை. இரும்பு, துத்தநாகம், வைட்டமின் பி12, இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் ஆகியவை இவ்வகையின. இரும்பே இவற்றுள் தலையாயது. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் என்கிறது. அதே கணக்கெடுப்பில் மிகை எடையோ உடற்பருமனோ உடைய பெண்கள் 40.4 விழுக்காடு. இவ்விரு தொகையும் ஓரளவேனும் ஒன்றோடொன்று மேற்படவே வாய்ப்பு மிகுதி. இரும்பில் ஏற்கெனவே வறியவராய் இருக்கும் பெண்களில் பலர் எடையைக் குறைக்கத் தொடங்குகிறார்கள் என்று கொள்ளலாம்.

(ஈ) விரைவு. எவ்வளவு குறைந்தது என்பதோடு எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதும் காரணமாகிறது. 1976இல் கோயெட், ஓடம் என்னும் இரு மருத்துவர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒன்பது பேரைப் பற்றி எழுதினர். கடும் உணவுக் கட்டுப்பாட்டால் 11.7 முதல் 24 கிலோ வரை இழந்த அவர்களுக்கு, கட்டுப்பாடு தொடங்கிய இரண்டு முதல் ஐந்து மாதங்களில் முடி பெருமளவு கொட்டியது. பின்னர் முழுமையாக முளைத்தது. உடற்பருமன் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதே காலத்தாழ்வில் இதே உதிர்வு காணப்படுகிறது. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகளுள் ஒன்றான செமாகுளூடைடின் அமெரிக்க மருந்துக் குறிப்பேடு, மருந்து பெற்ற பெரியோரில் 3 விழுக்காட்டினர்க்கும் வெற்றூசி பெற்றோரில் 1 விழுக்காட்டினர்க்கும் முடி கொட்டியதாகப் பதிகிறது. உணவு குறைந்தது மனவுறுதியாலோ கத்தியாலோ ஊசியாலோ என்பதை மயிர்க்கால் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

5. சோற்றுத் தட்டின் கணக்கு

5.1 முன்னோர் வாதங்கள்

உணவின் அளவும் உணவின் கூறும் வெவ்வேறு என்ற வாதம் சென்னை மாகாணத்துக்குப் புதியதன்று. 1876–78 பஞ்சத்தில், நிவாரணப் பணியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் அதை எதிர்த்தார். தானியம் ஒன்றரைப் பவுண்டாக வேண்டும். அத்தோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. தானியம் ஒன்றே உடலைக் காவாது என்பதே அவ்வாதத்தின் சாரம்.

நூறாண்டு கழியுமுன் அதே கேள்வி மறுதலையாக எழுந்தது. சேலத்தில் 1918இல் பிறந்த சி. கோபாலன், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் புரதக் குறைநோய்களை ஆராய்ந்தவர். அவ்வாய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. உலகமே ‘புரத இடைவெளி’ என்று பேசிய 1960களில், நம் குழந்தைகளுக்குக் குறைவது முதன்மையாக ஆற்றலே என்று அவரும் அந்நிறுவனத்தாரும் வாதிட்டனர். தானியமும் பருப்பும் சேர்ந்த நம் வழக்கமான உணவை வயிறார உண்டால் புரதத் தேவையும் அதிலேயே பெரிதும் நிறைவேறிவிடும் என்பது அவர்கள் முடிபு.

இம்முடிபின் மறுபக்கமே நம் ஆய்வின் திறவுகோல். வயிறார உண்டால் புரதம் தானே வரும் எனின், வயிறார உண்ணாதபோது புரதம் தானே போகும். ஏழைக் குழந்தைக்கு வறுமை செய்ததை, வசதியுள்ள பெண் தனக்குத் தானே செய்துகொள்கிறாள்.

5.2 மூன்று தட்டுகள்

இதனை எண்ணால் காண்போம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பகுதி வீடுகளின் மரக்கறி உணவை ஒத்த ஒரு மாதிரித் தட்டை அமைத்துக்கொள்கிறோம். கீழ்வரும் அளவுகள் யாவும் சமைக்குமுன் உள்ள எடை. மதிப்புகள் இந்திய உணவுக்கூறு அட்டவணைகளை ஒட்டி முழுமையாக்கப்பட்டவை.

முதல் தட்டு, வழக்கமானது. இட்லி, தோசை, சோறு மூன்றுக்குமாக அரிசி 300 கிராம், உளுந்தும் துவரம்பருப்பும் சேர்ந்து 60 கிராம், பால், மோர், தயிர் 300 மில்லி, எண்ணெய் 25 கிராம், காயும் தேங்காயும். ஆற்றல் ஏறத்தாழ 1850 கலோரி, புரதம் 51 கிராம். இந்த 51 கிராமில் 23 கிராமுக்கு மேல் அரிசி ஒன்றே தந்தது. அரிசியை வெறும் மாவுச்சத்து என எண்ணுவோர் இவ்வெண்ணைக் கருத வேண்டும்.

இரண்டாம் தட்டு, டயட் தட்டு. ஆறு இட்லி இரண்டாகிறது, மத்தியானச் சோறு ஒரு கரண்டியாகிறது, இரவுத் தோசை நின்று வெள்ளரிக்காய் வருகிறது. அரிசி 120 கிராம். எண்ணெய் 10 கிராம். இதோடு நின்றால் கேடு பாதிதான். ஆனால் இட்லி குறைந்தபோது மாவிலிருந்த உளுந்தும் குறைந்தது. சோறு குறைந்தபோது அதன்மேல் ஊற்றிய சாம்பாரும் பாசிப்பருப்புச் சொதியும் கூட்டும் குறைந்தன. கடைசி உருண்டைக்கு மோர் ஊற்றப் பாத்திரத்தில் சோறு இல்லை. பருப்பு 25 கிராமுக்கும், பால்பொருள் 200 மில்லிக்கும் இறங்கின. ஆற்றல் 890 கலோரி. புரதம் 26 கிராம். உண்டவர் குறைக்க நினைத்தது கலோரியை; குறைந்தது இரண்டும், அதுவும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்.

நம் சமையலில் பருப்பு தனித்து உண்ணப்படும் பண்டம் அன்று. சோற்றோடு பிசைந்து உண்ணப்படுவது. ஆகவே அது சோற்றின் அளவையே தன் அளவாகக் கொள்கிறது. மேல்நாட்டு உணவில் ரொட்டியை ஒதுக்கினாலும் இறைச்சி தட்டில் தனியே நிற்கும். இங்கே சோற்றை ஒதுக்கினால் குழம்பு தட்டுக்கே வராது. இப்பண்பைச் ‘சோறுசார் புரதம்’ என்று பெயரிட்டுக் குறிப்போம்.

இத்துடன் இன்னொரு நட்டமும் உண்டு. ஆற்றல் போதாதபோது, உண்ட புரதத்தின் ஒரு பகுதியை உடல் எரிபொருளாகச் செலவிடுகிறது. எனவே 26 கிராமும் தேய்மானத்தை ஈடுசெய்யக் கிட்டுவதில்லை. குறையுணவுக் காலத்தில் புரதத் தேவை கூடுகிறது, குறைவதில்லை.

மூன்றாம் தட்டு, திருத்திய தட்டு. அரிசி அதே 120 கிராம். பருப்பும் பயறும் 80 கிராம், முட்டை இரண்டு, பால்பொருள் 300 மில்லி, எண்ணெய் 15 கிராம், காயும் சிறிது தேங்காயும். ஆற்றல் 1320 கலோரி. புரதம் 55 கிராம். முட்டை உண்ணாதார் நிலக்கடலை 30 கிராம் சேர்த்தால் புரதம் 49 கிராமாக நிற்கும். முதல் தட்டைவிட 500 கலோரிக்கு மேல் குறைந்தும் புரதம் குறையவில்லை. எடை இறங்க இக்குறைவு போதுமானது.

6. படிநிலைகள்

குறையுணவு உதிர்வு ஐந்து படிகளில் நிகழ்கிறது.

முதற்படி, ஓய்வுக் கட்டளை. குறையுணவு தொடங்கிய முதல் சில வாரங்கள். மயிர்க்கால்கள் வளர்நிலையை விட்டு மாறுநிலைக்குச் செல்கின்றன. வெளியே எதுவும் தெரியாது. எடை இறங்கும் மகிழ்ச்சியே தெரியும்.

இரண்டாம் படி, மறைநிலை. இரண்டாம், மூன்றாம் மாதங்கள். முடி வளராமல் குழியிலேயே நிற்கிறது. சிலர் இதற்குள் டயட்டை விட்டிருப்பர். எனினும் ஓய்வுக்குச் சென்ற முடி விழுந்தே தீரும்.

மூன்றாம் படி, உதிர்வு. விழுந்த முடி ஒன்றைக் கறுப்புத் துணியின்மேல் வைத்துப் பார்த்தால் வேர்முனையில் ஊசித்துளை அளவில் ஒரு வெண்குமிழ் தெரியும். உறங்குநிலையை முடித்து முறையாகக் கழன்ற முடி என்பதற்கு அதுவே அடையாளம். குமிழ் இல்லாத முடி நடுவில் முறிந்தது. அதன் காரணம் வேறு. இவ்வுதிர்வு தலை முழுவதும் பரவி நிகழும், திட்டுத்திட்டாக அன்று.

காலத்தாழ்வு தரும் மயக்கம் இங்கேதான் நேர்கிறது. முடி கொட்டும் நாளில் உள்ள மாற்றங்களையே மனம் காரணமாகக் கொள்கிறது: போன வாரம் வாங்கிய ஷாம்பு, ஆற்றுக் குளியலை விட்டு நகரத்து விடுதியில் போர்வெல் தண்ணீருக்கு மாறியது. அறுவடையில் காணும் பதருக்குக் காரணம் அறுவடை வாரத்தில் இல்லை, கதிர் பால்பிடித்த நாளில் வாய்க்காலில் நீர் வராததில் உள்ளது என்பதைப் பிசானம் பயிரிடுவோர் அறிவர். முடிக்கும் மூன்று மாதம் பின்னோக்கியே காரணத்தைத் தேட வேண்டும்.

நான்காம் படி, தணிவு. காரணம் நீங்கியிருந்தால் ஆறு மாதங்களுக்குள் உதிர்வு இயல்பான அளவுக்குத் திரும்பும். நீங்கவில்லையெனில் நாட்பட்ட உதிர்வாக நீளும்.

ஐந்தாம் படி, மீள்வளர்ச்சி. நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் குட்டை முடிகள் நிமிர்ந்து நிற்கும். மாதம் ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தில் அடர்த்தி கண்ணுக்கு நிறைவாக ஓராண்டுக்கு மேலாகும். நீண்ட கூந்தலுடையோர் ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும்: இடுப்பளவுச் சடைக்கு ஒரு முடி ஐந்தாறு ஆண்டுகள் வளர்ந்தாக வேண்டும். அதுவரை சடையின் மேற்பகுதி பருத்தும் நுனி மெலிந்தும் இருப்பது நோயன்று, கணக்கு.

7. பிரித்தறிதல்

குறையுணவில் இருப்பவருக்குக் கொட்டும் முடியெல்லாம் குறையுணவால் கொட்டுவதன்று. ஒத்த தோற்றமுடையவற்றை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, பரம்பரை முடிமெலிவு. ஆணுக்கு நெற்றியோரமும் உச்சியும், பெண்ணுக்கு வகிடும் அகலும், மெல்ல நிகழும். மறைந்திருந்த இதனைக் குறையுணவு உதிர்வு வெளிப்படுத்திவிடுவதும் உண்டு. அவ்வாறு நேர்ந்தால் முழு மீட்சி எதிர்பார்க்க இயலாது. இரண்டாவது, புழுவெட்டு. நாணயம் போல் வட்டத் திட்டு, உணவோடு தொடர்பற்றது. மூன்றாவது, பிற நெருக்கடிகளால் வரும் உறங்குநிலை உதிர்வு. மகப்பேறு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு வரும். பிள்ளை பெற்ற சில மாதங்களில் எடையைக் குறைக்கத் தொடங்கும் தாய்க்கு இரு காரணங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. நான்காவது, தைராய்டுக் கோளாறு. எடை மாற்றமும் முடியுதிர்வும் இரண்டுமே அதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

எனவே ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய சோதனைகள் முதலில் செய்யத்தக்கவை; மரக்கறி உண்போருக்கு பி12 அளவும் சேரும். முடிக்கென விற்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டு முதலிய சோதனை முடிவுகளைத் திரிக்கும் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. சோதனைக்கு முன் அதை உண்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மிகுதியும் கேடு தரும் என்பதற்கு அண்மைச் சான்று மராட்டிய மாநிலத்தில் உள்ளது. புல்டாணா மாவட்டத்தின் ஷேகாவ் வட்டாரச் சிற்றூர்களில் 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் பலருக்குச் சில நாட்களிலேயே தலைமுடி கொட்டியது. உடலில் செலினியம் கூடியிருந்ததன்மீது ஆய்வாளர் ஐயம் கொண்டனர். வைட்டமின் ஏ மிகுந்தாலும் முடி கொட்டும். குறை இன்னதென்று அறியாமல் கலப்பு மாத்திரைகளை அடுக்குவது நெறியன்று.

8. நீக்கும் நெறி

முதல் நெறி, வேகத்தைக் கட்டுதல். வாரம் அரைக் கிலோ அளவில் எடை இறங்குவது பெரும்பாலோர்க்கு ஏற்றது. திருமண நாளை இலக்காக வைத்து ஒரு மாதத்தில் எட்டுக் கிலோ குறைக்க முயல்பவர், முடி கொட்டும் காலத்தைத் திருமணத்துக்குப் பிந்திய மாதங்களுக்குத் தாமே குறித்து வைக்கிறார்.

இரண்டாம் நெறி, புரதத்தைச் சோற்றினின்று பிரித்தல். சோறுசார் புரதம் என்ற கட்டை அவிழ்ப்பதே இதன் கருத்து. பருப்பைக் குழம்பாக ஊற்றாமல் கிண்ணத்தில் தனியே எடுத்துக் கரண்டியால் உண்ணலாம். பாசிப்பயறு, காணம், கொண்டைக்கடலைச் சுண்டல்கள் தனித்து உண்ணத்தக்கவை. இப்பகுதிக்கே உரிய உளுந்தஞ்சோற்றை, தொலி உளுந்தைக் கூட்டி அரிசியைக் குறைத்து ஆக்கி, எள்ளுத் துவையலோடு உண்ணலாம். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த மரபு உளுந்தின் அருமையை அறிந்தது; கருப்பட்டியையும் நல்லெண்ணெயையும் அளவோடு சேர்த்தால் போதும். மீன் உண்ணும் வீடுகளில் குழம்பைக் குறைத்து மீன் துண்டைக் கூட்டுவது அதே நெறி.

மூன்றாம் நெறி, இரும்பு காத்தல். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. முருங்கைக்கீரையும் பயறும் தரும் இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லி, கொய்யா உடன் சேர்ந்தால் ஏற்பு கூடும். உண்டவுடன் காப்பியோ தேநீரோ குடித்தால் அது குறையும். சோதனையில் குறை உறுதியானால் மாத்திரையே வழி. கீரை மட்டும் போதாது.

நான்காம் நெறி, கொழுப்பை அறவே விலக்காமை. ஐந்தாம் நெறி, புறச் சிகிச்சையின் எல்லையறிதல். கரிசாலைத் தைலமும் எண்ணெய்க் குளியலும் முடித்தண்டைக் காக்கும். சிக்கும் முறிவும் குறையும். உறங்குநிலைக்குச் சென்ற மயிர்க்காலை அவை எழுப்பா. உள்ளிருந்து வந்த கட்டளை உள்ளிருந்தே மாற வேண்டும்.

ஆறாம் நெறி, எச்சரிக்கைக் குறிகளை அறிதல். ஆறு மாதத்துக்கு மேல் உதிர்வு நீண்டாலும், திட்டுத்திட்டாகக் கொட்டினாலும், எடை போதிய அளவு குறைந்த பின்னும் உண்ண அச்சம் தோன்றினாலும் மருத்துவரைக் காண வேண்டும். குறையுணவில் உள்ள பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றால், அதை முடியைவிடப் பெரிய அறிகுறியாகக் கொள்ள வேண்டும். உடல் மயிர்க்காலை மட்டுமின்றிக் கருப்பையையும் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது என்பது அதன் பொருள்.

9. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன நான்கு. ஒன்று, குறையுணவால் கொட்டும் முடி மயிர்க்கால் அழிந்து கொட்டுவதன்று, ஓய்வுற்றுக் கொட்டுவது, ஆகவே மீளும். இரண்டு, அதன் காரணத்தை உதிர்ந்த நாளில் தேடாமல் இரண்டு முதல் நான்கு மாதம் முன்னே தேட வேண்டும். மூன்று, கலோரிக் குறைவு, புரதக் குறைவு, நுண்சத்துக் குறைவு, வேகம் ஆகிய நான்கும் தனித்தனிக் காரணங்கள். ஒன்றைச் சரிசெய்தவர் மற்றவற்றினின்று விடுபட்டவர் ஆகார். புரதம் நிறைந்த பேலியோ உணவிலும் ஆற்றல் பெரிதும் குறைந்தால் முடி கொட்டுவது இதனாலேயே. நான்கு, தாமிரபரணிக் கரை போன்ற சோற்றுணவு நாட்டில் முதல் இரு காரணங்களும் சோறுசார் புரதத்தின் வழியே பிணைந்து வருகின்றன. சோற்றை மட்டும் குறைக்கச் சொல்லும் அறிவுரை, சொல்லாமலே பருப்பையும் குறைக்கச் சொல்லிவிடுகிறது.

இக்கடைசி முடிபு, டயட் அட்டை எழுதித் தரும் உணவியலாளர்க்கும் ஜிம் பயிற்றுநர்க்கும் குடும்ப மருத்துவர்க்கும் உரியது. ஒருவர் இனி எத்தனை இட்லி உண்ண வேண்டும் என்று எழுதுமுன், நீக்கிய இட்லியோடு போன உளுந்தை எந்த வேளையில், எந்த வடிவில், எத்தனை கிராம் திருப்பிக் கொடுப்பது என்பதையும் அதே அட்டையில் எழுத வேண்டும்.